திகதி அழிந்த வாட்ச், எழுத்து போன டயல்: கேள்வி பதில்

ஹட்டன் டவுனில் 30 வருஷமா வாட்ச் திருத்துறேன். போன கிழமை தேய்ந்துபோன இலக்கங்களைப் பற்றி நாலு வரி சொல்லப்போக, கேள்வி மேல கேள்வி. முடிஞ்சவரைக்கும் பதில் சொல்றேன்.

தலவாக்கலை: அண்ணே, தாத்தாவோட பழைய சீக்கோ 5. திகதிச் சக்கரத்தில 11, 17 ரெண்டும் பாதி அழிஞ்சிருக்கு. பேனையால எழுதலாமா?

வேணாம் தம்பி, பேனை மை பரவிடும். முதல்ல பழைய சாமான் வைத்திருக்கிற கடையில அதே மெஷினோட சக்கரம் கிடைக்குதான்னு பாருங்க. திகதி தெரியுற ஜன்னல் இருக்கிற இடமும் சக்கரத்தோட நிறமும் ஒத்துப்போகணும்.

கிடைக்கலன்னா எழுதத்தான் வேணும். பல பேர் தனியா இருக்கிற 1-ஐப் பார்த்து 11 எழுதிடுவாங்க. ரெட்டை இலக்கத்தில வர்ற 1 பெரும்பாலும் ஒடுக்கமா இருக்கும். அதனால 12, 13-ல இருக்கிற 1-ஐப் பாருங்க. கறுப்பு எனாமல் பெயின்ட் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில விட்டு, கொஞ்சம் இறுகினதும் மூணு சைபர் (000) போட்ட மெல்லிசு பிரஷ் நுனியில தொட்டு, லென்ஸ் போட்டுக்கிட்டு ஒரே இழுப்பா இழுங்க. பிசகினா காய்றதுக்கு முன்ன பல்லுக்குச்சியால எடுத்துடலாம். தின்னர் தொட்டா பக்கத்து இலக்கமும் போயிடும். பெயின்ட் தடிப்பா நிக்கக் கூடாது, நின்னா டயலோட அடியில உரசும். ஒரு கிளாஸைக் கவிழ்த்து மூடி ரெண்டு நாள் விடுங்க. நம்ம ஊர்ப் பனிக்கு ஒரு நாள் போதாது.

நுவரெலியா: டயல்ல புள்ளி புள்ளியா பூஞ்சணம். நெயில் பொலிஷ் ரிமூவரால துடைக்கலாமா?

ஐயோ! அதில இருக்கிற அசிட்டோன் வார்னிஷையும் எழுத்தையும் சேர்த்து அள்ளிடும். தொழிலுக்கு வந்த புதுசில நான் வெறும் ஈரப் பஞ்சாலதான் ஒரு டயலைத் துடைச்சேன். பஞ்சில கறுப்பா ஒரு கோடு. டயல்ல 4 இல்ல, 5-ல பாதி. வாட்ச் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரோடது. அவர் திட்டவே இல்ல. "இனி நாலு மணி டீ கிடையாதா?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

காத்தடிச்சுத் தூசியை எடுங்க. வாட்ச்காரர் பாவிக்கிற ரொடிக்கோவை (களிமண் மாதிரி மெத்துன்னு ஒட்டுற ஒரு சாமான்), எழுத்தில்லாத இடத்தில மட்டும், மெல்ல ஒத்தி எடுங்க. மிச்சக் கறை இருந்துட்டுப் போகட்டும்.

பதுளை: 1950கள்ல வாங்கின வாட்ச். இருட்டில மினுங்குற இலக்கம் உதிருது. சுரண்டிட்டுப் புதுசா பூசலாமா?

சுரண்டவே கூடாது. அந்தக் காலத்துப் பூச்சு பெரும்பாலும் கதிர்வீச்சு விடுற ரேடியம். மினுக்கம் போனதுக்குக் காரணம், மினுங்குறதுக்காகக் கூடக் கலந்த சிங்க் சல்பைட் கெட்டுப்போனது. ரேடியம் அப்படியேதான் இருக்கு. அது பாதியாகவே ஏறக்குறைய 1600 வருஷம் ஆகும். தூள் மூச்சில போனா ஆபத்து. உதிர்ந்துக்கிட்டு இருக்கிறதால மூடியையும் திறக்காதீங்க. பையில போட்டு மூடி, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

பண்டாரவளை: இவ்வளவு பொடி எழுத்தைக் கம்பெனியில எப்படி அடிச்சாங்க, மாமா?

நல்ல கேள்வி, மகள். உலோகத் தகட்டில எழுத்தைக் குழியா அரிச்சு, மையை நிரப்பி, மேல் மையை வழிச்சிடுவாங்க. பிறகு மெத்துன்னு ஒரு திண்டு அந்தக் குழியில இருக்கிற மையை ஒத்தி எடுத்து டயல்ல பதிக்கும். முன்ன ஜெலட்டின், இப்ப சிலிக்கோன். திண்டு வளைஞ்சு கொடுக்கிறதால குவிஞ்ச டயல்லயும் எழுத்து ஒழுங்கா விழும். கையால எழுதினது லென்ஸில உடனே தெரியுறதும் இதனாலதான்: அச்சு எழுத்தோட ஓரம் வெட்டின மாதிரி நிக்கும்.

மஸ்கெலியா: கண்ணாடியைச் சுத்தி இருக்கிற, கையால திருப்புற வளையத்தில செதுக்கின இலக்கத்தில கறுப்பு போயிடுச்சு.

இது லேசு. குழியில எனாமலை நிரப்பி, கொஞ்சம் இறுகினதும் விசிட்டிங் கார்ட் ஓரத்தால வழிச்சிடுங்க.

பொகவந்தலாவை: பனி பூத்த வாட்சை அடுப்பு மேல வைச்சுக் காயவைக்கிறோம். பரவாயில்லையா?

தேயிலையைத்தான் சூட்டில காயவைக்கணும். வாட்சுக்கு சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிக்கா பொட்டலம் போதும்.