பாயிண்ட் ராபர்ட்ஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கழிமுகங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் இருப்பது கனடாவில், வான்கூவரை ஒட்டிய சர்ரேயில். போன கோடையில் குடும்பத்தோடு பாயிண்ட் ராபர்ட்ஸ் போய்வந்தோம். சவாசன் ஊர் முடிகிற இடத்தில் ஒரு சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் அமெரிக்கா. ஆனால் அங்கிருந்து அமெரிக்காவின் மற்ற ஊர்களுக்குத் தரைவழியாகப் போக வேண்டுமென்றால் மறுபடி கனடாவுக்குள் வந்துதான் போகவேண்டும். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு கிழித்தவர்களின் பிழைதானே இது? இதற்குமேல் அந்த ஊரின் புவியியலில் என்ன இருக்கிறது?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இவ்வளவு மழை பெய்யும் வட்டாரத்தில், அந்த ஊர் குடிதண்ணீரைக் கனடாவிடம் விலைக்கு வாங்குவதாகச் சொன்னார்கள். ஏன்? அப்புறம், லில்லி பாயிண்டில் கரை சரிந்து மரங்களோடு கடற்கரையில் விழுந்து கிடக்கிறது. ஒரு தடுப்புச்சுவர் கட்டக்கூடாதா?

அன்புடன்,
ஒரு வாசகர், சர்ரே

*

அன்புள்ள நண்பருக்கு,

பிழை என்று நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1846 ஜூனில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரேகன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே 1818 முதல் எல்லையாக இருந்த 49 டிகிரி அட்சரேகையை அப்படியே மேற்கே கடல்வரை நீட்டினார்கள். வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனுக்கு என்று முடிவானதால், கோடு கடலுக்குள் இறங்கி, அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள நடுக்கால்வாயைத் தொட்டதும் தெற்கே திரும்பிவிடும். அதற்கு முன்னால் 49-க்குத் தெற்கே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன நிலத்துண்டு அமெரிக்கப் பக்கம் மாட்டிக்கொண்டது. அது யாருக்கும் தெரியாத இடமல்ல. 1792-லேயே ஜார்ஜ் வான்கூவர் தன் நண்பர் ஹென்றி ராபர்ட்ஸின் பெயரை அதற்கு வைத்திருந்தார். 1857-இல் பிரிட்டிஷ் அரசு தன் எல்லை ஆணையர் ஜேம்ஸ் பிரிவோஸ்ட்டிடம், அந்தத் துண்டை விட்டுக்கொடுக்கும்படி அமெரிக்கத் தரப்பிடம் கேட்கச் சொன்னது. நடக்கவில்லை. 1861-இல் எல்லைத் தூணை நட்டுவிட்டார்கள். அதே கருங்கல் தூண் இன்றும் மேற்குக் கரையின் மேட்டில், மானுமென்ட் பார்க்கில் நிற்கிறது.

உங்கள் கேள்வி என்னை எழுத உட்கார வைத்ததற்குக் காரணம் மீதிப் பாதிதான். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கோட்டைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். அந்த இடம் ஒரு தீவாகவே இருந்திருந்தால், இதே கோடு இதே இடத்தில் போயிருந்தாலும் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டிருக்காது. நடுக்கால்வாய்க்குக் கிழக்கே, 49-க்குத் தெற்கே உள்ள இன்னொரு அமெரிக்கத் தீவு, அவ்வளவுதான். பக்கத்திலேயே சான் ஹுவான் தீவுக்கூட்டம் அப்படித்தான் இருக்கிறது. பாயிண்ட் ராபர்ட்ஸும் ஒருகாலத்தில் தீவுதான். அதைக் கனடாவோடு ஒட்டவைத்தது ஃபிரேசர் ஆறு.

கதையைப் பனியிலிருந்து தொடங்கவேண்டும். சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த வட்டாரம் முழுவதும் கார்டிலெரன் பனிப்படலத்தின் அடியில் இருந்தது. இன்று நீங்கள் காரை நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் கனமான பனிக்கட்டி. அவ்வளவு பாரத்தில் தரையே கீழே அமுங்கிப் போயிருந்தது. பனி உருகி விலகியதும் முதலில் கடல்தான் உள்ளே வந்தது. இன்று அறுபது, எழுபது மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் குன்றின் தலையும் அப்போது தண்ணீருக்குள் இருந்தது. பிறகு, மெத்தையில் உட்கார்ந்தவர் எழுந்துகொண்டால் பஞ்சு மேலே வருகிற மாதிரி, பாரம் போன தரை மெல்ல எழும்பி வந்தது. குன்று கடலுக்கு வெளியே தலைகாட்டியது. சுற்றிலும் தண்ணீர்.

ஃபிரேசர் ஆறு 1,375 கி.மீ. ஓடிவருகிறது. இன்றைக்கும் ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடியே எழுபது லட்சம் டன் மணலையும் வண்டலையும் கொண்டுவருகிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதன் வாய் இப்போதைய நியூ வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் இருந்தது. அங்கிருந்து அது கடலைத் தூர்த்துக்கொண்டே மேற்கேயும் தெற்கேயும் வந்தது. ரிச்மண்ட், லேட்னர், டெல்டா வயல்வெளிகள் எல்லாம் அப்படி வந்த மண். சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்த வண்டல் இந்தக் குன்றைத் தொட்டது. தீவு தீபகற்பமானது. நிலவியலில் ஐயாயிரம் ஆண்டு என்பது மிகச் சமீபம். எகிப்தில் பிரமிடுகள் கட்டத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

ஐரோப்பியர் வந்தபோதுகூட அது தீவு போலத்தான் தெரிந்திருக்கிறது. 1791-இல் அந்தப் பக்கம் வந்த ஃபிரான்சிஸ்கோ தெ எலிசாவின் ஸ்பானியக் குழு அதைத் தீவு என்றே குறித்துக்கொண்டது. கப்பலிலிருந்து பார்த்தால் குன்று மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் வண்டல் தரை கடல்மட்டத்தோடு மட்டமாக இருப்பதால் கண்ணில் படாது.

நீங்கள் சர்ரேயிலிருந்து காரில் வந்த வழியிலேயே இது எல்லாம் இருக்கிறது. டெல்டாவின் தட்டையான வயல்கள், கரைகட்டிக் கடலைத் தடுத்த நிலம். அப்புறம் சவாசனில் சாலை திடீரென்று மேடேறும். அந்த ஏற்றத்தில் வண்டி ஏறும் இடம்தான் பழைய தீவின் கரை. எல்லை அங்கே இல்லை! ஊரைத் தாண்டி இன்னும் தெற்கே போனபிறகுதான் சோதனைச்சாவடி வருகிறது. அதாவது கோடு போகிறது குன்றின் மேலேயே. வடபாதி சவாசன், தென்பாதி பாயிண்ட் ராபர்ட்ஸ், இரண்டும் ஒரே குன்று. கிழக்குக் கரையில் மேப்பிள் பீச் பக்கம் ரூஸ்வெல்ட் வே என்று ஒரு தெரு எல்லையை ஒட்டியே ஓடும். தெருவின் வடபுறம் இருப்பவை கனடாக்காரர்களின் கொல்லைப்புறங்கள். மண்ணில் எந்த வித்தியாசமும் கிடையாது.

அந்தக் கோடும் நீங்கள் நினைப்பதுபோல ஸ்கேலில் இழுத்த நேர்கோடு இல்லை. வரைபடத்தில் அது நேர்தான். தரையில் அதைக் கண்டுபிடிக்க, 1857-லிருந்து 1861 வரை இரு நாட்டு அளவையாளர்களும் காட்டுக்குள் கூடாரம் போட்டு, இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க 'நேர் மேல்' எது என்று முதலில் தெரியவேண்டும். அதைத் தீர்மானிப்பது ரசமட்டமும் தூக்குக்குண்டும் சொல்லும் திசை. பக்கத்தில் பெரிய மலை இருந்தால், அதன் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் துளி தன் பக்கம் இழுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வே தரையில் பல நூறு அடி வித்தியாசத்தைக் கொண்டுவரும். அதனால்தான் இன்று செயற்கைக்கோளை வைத்துப் பார்த்தால், எல்லைக்கற்கள் சில இடங்களில் உண்மையான 49-க்கு வடக்கேயும் சில இடங்களில் தெற்கேயும் நிற்கின்றன. கல் நட்ட இடமே எல்லை என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. புவியியலை மதிக்காமல் போட்ட கோடு என்று சொல்கிறார்கள் இல்லையா? மலைகள் அந்தக் கோட்டை வளைத்திருக்கின்றன. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். மொத்த ஊரும் சுமார் பன்னிரண்டரைச் சதுரக் கிலோமீட்டர். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் சவாசனைத் தாண்டினால் உப்பேறிய வண்டல். ஆறு கிடையாது, சொல்லும்படியான ஓடையும் கிடையாது. குன்றின் மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் அதன் தலையில் விழுந்த மழைதான். வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஊறி வராது. மழையும் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. வான்கூவர் தீவின் மலைகளும் ஒலிம்பிக் மலைகளும் மேகத்தை முதலில் பிழிந்துகொள்கின்றன. மிச்சம் இந்தத் தாழ்ந்த குன்றைத் தாண்டி வடக்கே போய் நார்த் வான்கூவர் மலைகளில் முட்டிக்கொண்டு கொட்டுகிறது. இங்கே விழுவது அங்கே விழுவதில் பாதிகூட இருக்காது. கோடையிலோ மழையே அரிது. அந்தச் சமயம் பார்த்துத்தான் விடுமுறைக்கு ஆட்கள் வந்து ஊர் நிரம்பும். கிணற்றில் அதிகம் இறைத்தால் கரையோரத்தில் உப்பு ஏறும். 1970-களில் தண்ணீர்ப் பற்றாக்குறை உள்ளூர்க்காரர்களுக்கும் கோடைவீட்டுக்காரர்களுக்கும் இடையே சண்டையாகவே மாறியது. கடைசியில் 1987-இல் கிரேட்டர் வான்கூவரோடு ஒப்பந்தம் போட்டார்கள். நார்த் வான்கூவரின் அதே மலைகளில் விழும் மழையைத்தான் அந்த ஊர் இன்று குழாய் வழியாக விலைக்கு வாங்குகிறது. நீங்கள் சர்ரேயில் குடிப்பதும் அதே மலைத் தண்ணீர்தான்.

கோட்டினால் வரும் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சின்ன வகுப்புகளைத் தாண்டிய பிள்ளைகள் அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கும் பிளெய்ன் ஊருக்குப் பேருந்தில் போகிறார்கள். சுமார் 40 கி.மீ.; போக இரண்டு சோதனைச்சாவடி, திரும்பி வர இரண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது, ஆயிரத்து இருநூறு பேர்கூட இல்லாத அந்த ஊர் உண்மையிலேயே தீவாகிப்போனது. மறுகரைக்குப் போக அவசரப் படகு விடவேண்டியிருந்தது. தரைவழி எல்லை இரண்டு பக்கமும் திறக்க 2021 நவம்பர் ஆனது. அத்தனை மாதம் கனடா வாடிக்கையாளர்கள் இல்லாமல் அந்த ஊர்க் கடைகள் பட்ட பாடு சொல்லி முடியாது.

இனி லில்லி பாயிண்ட். தென்கிழக்கு மூலையில் இருக்கும் அந்தச் சரிவு சுமார் 60 மீட்டர் உயரம். கீழே நின்று பார்த்தால் ஊரின் மொத்த வரலாறும் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் இறுகிய களியும் நுண்மணலும். அதற்கு மேலே ஓடும் தண்ணீர் சாய்வாகப் படியவைத்த மணல். மேலே களியும் கூழாங்கல்லும் பாறையும் கலந்து பனி அமுக்கிவிட்டுப் போன படுகை. அதிலிருந்து உருண்டு விழுந்த ஒரு கல்லைக் கையில் எடுங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி போட்ட கிரானைட். இந்தக் குன்றில் அந்தப் பாறை எங்குமே கிடையாது; வடக்கே கோஸ்ட் மலைகளிலிருந்து பனி சுமந்து வந்தது. மழைத் தண்ணீர் மணல் வழியாக இறங்கி, களியில் முட்டி, பக்கவாட்டில் கசியும். கசிகிற இடத்தில் மேலே இருப்பது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நீங்கள் பார்த்த மரங்கள் அப்படி வந்தவை.

அந்தச் சரிவுதான் ஊரின் கடற்கரைகளுக்கு மணல் கொடுக்கிறது. விழுந்ததை அலை பிரித்தெடுக்கிறது. மணலும் சிறு கூழாங்கல்லும் ஒரு பக்கம் வடக்கே மேப்பிள் பீச்சை நோக்கியும், இன்னொரு பக்கம் தெற்குக் கரையோடு மேற்கே லைட்ஹவுஸ் பார்க் முனை வரையும் நகர்கின்றன. அந்த முனையே அப்படிச் சேர்ந்த கூழாங்கல்தான். (அங்கே கலங்கரை விளக்கம் ஒருபோதும் கட்டப்படவில்லை. ஒரு வழிகாட்டு விளக்கு மட்டும்தான் இருக்கிறது.) சுமக்க முடியாத பெரிய கற்களை அலை சரிவின் அடியிலேயே விட்டுவிடுகிறது. சரிவு பின்வாங்கப் பின்வாங்க அந்தக் கற்கள் கடலடியில் பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு கெல்ப் பாசி காடாக வளர்கிறது. ஃபிரேசருக்குத் திரும்பும் சாக்கை சால்மன் மீன்கூட்டம் லில்லி பாயிண்டைச் சுற்றித்தான் போகும். லம்மி, சாய்னிச் போன்ற கோஸ்ட் சேலிஷ் பழங்குடி மக்கள் அந்தப் பாசிக்கு நடுவே வழி ஏற்படுத்தி, இரண்டு படகுகளுக்கு இடையே வலை கட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கே மீன் பிடித்தார்கள். 1890-களில் அலாஸ்கா பேக்கர்ஸ் என்ற நிறுவனம் அங்கே தகர டப்பாவில் மீன் அடைக்கும் ஆலையை நடத்தி, மீன் வரும் வழியில் நிரந்தரப் பொறிகளைப் போட்டது. அமெரிக்க அரசு தங்களோடு செய்த உடன்படிக்கையில் உறுதி தரப்பட்ட மீன்பிடி இடம் என்று லம்மி மக்களின் தரப்பில் வழக்கு நடந்தது. 1897-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அது அநியாயமான தீர்ப்பு. ஆலை 1917-இல் மூடியது. கடல்நீர் வடியும் வற்றம் நன்றாக இறங்கும்போது அதன் மரக்கால்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

ஆகவே சுவர் கட்டக்கூடாது. கட்டினால் சரிவு நிற்கும், சில வருடங்களில் மேப்பிள் பீச்சில் உங்கள் பிள்ளைகள் விளையாடிய மணலும் தெற்குக் கரையும் மெலியத் தொடங்கும். ஆற்றிடமிருந்து இப்போது அந்தக் கிழக்குக் கரைக்கு மணல் வருவதில்லை. ஃபிரேசரின் வாய்கள் எல்லாம் மேற்குப் பக்கம், ஜார்ஜியா நீரிணைக்குள் திறக்கின்றன. கிழக்கே இருக்கும் பவுண்டரி பே விரிகுடா, ஆறு கைவிட்டுப்போன பழைய கழிமுகம். அங்கே மணலுக்குக் குன்று மட்டுமே கதி. 2008 முதல் லில்லி பாயிண்ட் பாதுகாக்கப்பட்ட இடமாக ஆகி, மேலே வீடுகள் வராமல் இருப்பது பெரிய நல்ல காரியம். மேலே வீடு வந்தால் அடுத்தது சுவர்தான்.

அடுத்த கோடையில் போனால், ஓத அட்டவணையைப் பார்த்து வற்றம் இறங்குகிற நேரத்தில் லில்லி பாயிண்டுக்குப் போங்கள். அந்தக் கடலில் ஜூன், ஜூலை மாதங்களில் பெரிய வற்றம் பகலில் வருவது வசதி. மழை பெய்த மறுநாள் போகவேண்டாம். சரிவின் அடியில் ஒட்டி நடக்காமல் தள்ளி நின்றே பாருங்கள். அடுக்குகள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

அன்புடன்.