தாத்தா பட்டாளத்துல இருந்தாரா? மெடலைத் திருப்பிப் பாருங்க

கேள்வி: எங்க அம்மாவோட தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா போயிட்டு வந்தவருன்னு வீட்டுல சொல்வாங்க. டிரங்குப் பெட்டியில ரெண்டு மெடலும் ஒரு போட்டோவும் இருக்கு, பேப்பர் எதுவுமே இல்ல. எந்த ரெஜிமெண்ட், எப்ப சேர்ந்தாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும்ங்க. பேப்பர் இல்லன்னு கவலைப்படாதீங்க, அந்த மெடல்தான் பேப்பர். அதுக்கு முன்னாடி ஒண்ணு, தயவுசெஞ்சு குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி, பல்பொடி எதுவும் போட்டு தேய்ச்சிடாதீங்க, பளபளன்னு ஆகும், கூடவே எழுத்தும் போயிடும். அந்தப் போருக்கு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு குடுத்த மெடல் மொட்டையா இருக்கும், ஆனா இந்திய ராணுவத்துல இருந்தவங்களுக்கு பேர் பொறிச்சே குடுத்தாங்க. வட்ட மெடல்னா விளிம்புல, நட்சத்திரம்னா பின்பக்கம். லைட்டை அணைச்சிட்டு செல்போன் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க, மேல நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. மொதல்ல ஒரு நம்பர், அப்புறம் ரேங்க், பேரு, கடைசியா யூனிட், எல்லாம் இங்கிலீஷ்ல சுருக்கி இருக்கும்.

இதுல உயிரே அந்த நம்பர்தான். பேரை வெச்சு தேடினா சுப்பையாவை நாலு விதமா எழுதி வெச்சிருப்பாங்க, ஒண்ணும் தேறாது. யூனிட்ல 'எஸ் அண்ட் எம்'னு இருந்தா சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பாலம் ரோடு போடுறவங்க, கண்ணிவெடி எடுக்கிறவங்க, நம்ம ஆளுங்கன்னா பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ். 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி'ன்னா சப்ளை, லாரி. தாத்தா துப்பாக்கியோடதான் நின்னிருப்பாருன்னு நெனச்சுட்டு காலாட்படையிலயே தேடிட்டு இருக்காதீங்க, மெட்ராஸ் காலாட்படையை 1920கள்லயே கலைச்சிட்டு போர் வந்தப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க, நம்ம ஆளுங்க நிறைய பேர் சாப்பர்ஸ், பயனியர் (மண்வேலை, கட்டுமான வேலை செய்யுற படை), சப்ளைன்னுதான் போனாங்க.

பர்மா போனாராங்கறதையும் மெடலே சொல்லிடும். ஆறு முனை நட்சத்திரத்துல நடுவுல பர்மா ஸ்டார்னு இங்கிலீஷ்ல இருந்தா கதை நிஜம். ஆப்பிரிக்கா, இத்தாலின்னு இருந்தா வீட்டுல யாரோ மாத்தி சொல்லிட்டாங்கன்னு அர்த்தம், இது அடிக்கடி நடக்கிறதுதான். சிங்கம் போட்ட வட்ட மெடலை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, 28 நாள் சர்வீஸ் இருந்தாலே அது கிடைச்சிடும்.

அடுத்து கடிதம். சாப்பர்ஸ்னா பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன், சிக்னல்ஸ்னா (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், அந்தந்த ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதணும். பென்ஷன் இல்லாம வெளிய வந்தவரா இருந்தா 25 வருஷம் ஆனதும் ஃபைலை அழிச்சிருப்பாங்க, அந்த பதிலைப் பார்த்துட்டு விட்டுடுறவங்கதான் ஜாஸ்தி. ஆனா லாங் ரோல்னு ஒரு பதிவேடு இருக்கு, அதை அழிக்க மாட்டாங்க, சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, காரணம் எல்லாம் அதுல ஒரு வரியில இருக்கும். அதனால மொட்டையா 'சர்வீஸ் ரெக்கார்ட் வேணும்'னு எழுதாம லாங் ரோல் எக்ஸ்ட்ராக்ட் வேணும்னே கேளுங்க, அவருக்கு நீங்க என்ன உறவுன்னு காட்ட வாரிசு சர்டிபிகேட்டோ எதையாவது சேர்த்து வைங்க. பதிலே வரலன்னா 10 ரூபா கட்டி ஆர்.டி.ஐ போடலாம்.

ஊர் பேரை எழுதும்போது பழைய ஜில்லாவையும் போடுங்க, இன்னிக்கு விருதுநகர் மாவட்டம்னு சொல்ற ஊரெல்லாம் 1985 வரைக்கும் ராமநாதபுரம்தான், பதிவேட்டுலயும் அப்படித்தான் இருக்கும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை லிஸ்ட்ல தேடினேன் கிடைக்கலன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது செத்துப் போனவங்களுக்கான லிஸ்ட்டுங்க, திரும்பி வந்தவரு பேரு அதுல எப்படி இருக்கும்? ஆனா அவரோட போயி திரும்பாத அண்ணன் தம்பி யாராவது இருந்தா அங்க பாருங்க, ரங்கூன் பக்கத்துல டாக்கியான்ல உடல் கிடைக்காதவங்க பேரு மட்டும் கிட்டத்தட்ட 27,000 வெட்டி வெச்சிருக்காங்க, சில பேருக்கு அப்பா பேரு, ஊரு பேரு கூட அந்த லிஸ்ட்ல இருக்கும்.