100% தேர்ச்சியைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கேள்வி: தாராவியில் இருக்கிறோம். மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 5ஆம் வகுப்பு முடிக்கிறாள். 6ஆம் வகுப்புக்கு இரண்டு மாநகராட்சிப் பள்ளிகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்றில் 100% தேர்ச்சியாம். அங்கே இடம் வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். படிப்பில் எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. மாநகராட்சிப் பள்ளியில் சேர நன்கொடையும் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. "எல்.சி. (பழைய பள்ளி தரும் விடுப்புச் சான்றிதழ்) வரத் தாமதமானால் சேர்க்க மாட்டார்கள், நான் பேசி முடிக்கிறேன்" என்று பயமுறுத்துவார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதைக் காரணம் காட்டி மறுக்கவே முடியாது.

அப்புறம் அந்த 100%. 6, 7ஆம் வகுப்புகளில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிறகு எந்தப் பள்ளியில்தான் தேர்ச்சி குறையும்? ஸ்காலர்ஷிப் தேர்வில் இத்தனை பேர் பாஸ் என்றால், எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கத் தேசிய அளவில் நடக்கும் அடைவுத் தேர்வின் முடிவோ மாவட்டத்துக்குத்தான் வருகிறது, பள்ளிக்கு வருவதில்லை. இவ்வளவு செலவில் தேர்வு நடத்துகிறவர்களால் ஒரு தாயின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்பது அநியாயம்.

சரி, எதைப் பார்ப்பது? 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்; கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தலா ஒருவராவது இருக்க வேண்டும். கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தால் மற்றதெல்லாம் வீண். மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளி விவரங்களுக்கான அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) இணையதளத்தில் இருக்கும்.

அடுத்து, 6இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 8 வரை அங்கேயே படித்தார்கள் என்று விசாரியுங்கள். பாதி வகுப்பு கரைந்திருந்தால் யோசிக்க வேண்டும். ஆனால் தாராவிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வேலை போய், வீட்டை இடித்து, திருநெல்வேலிக்கே திரும்பிவிடும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அந்தப் பிள்ளைகள் போனது பள்ளியின் குற்றமல்ல. பக்கத்துப் பள்ளிக்கு மாறினார்களா, ஊருக்கே போனார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டால் எல்.சி. பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பக்கத்துப் பள்ளிக்கு என்றால்தான் கவலை.

கடைசியாக, அங்கே 6ஆம் வகுப்புப் படிக்கும் உங்கள் தெருவுப் பிள்ளை யாருடைய கணக்கு நோட்டையாவது வாங்கிப் பாருங்கள். பின்னக் கணக்கில் தப்பான விடைக்கும் சிவப்பு மையில் டிக் விழுந்திருந்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.