பூட்டிக் கிடக்கும் மில்லுக்கு யார் வருவார்? கடை, குடோன் தரகு பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணம் வட்டாரத்தில் 22 வருடமாகக் கடை, குடோன், மில் இடங்களை வாடகைக்கும் கிரயத்துக்கும் முடித்துக் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, இடத்தைக் காட்டுகிறோம், விலை பேசுகிறோம், கமிஷன் வாங்குகிறோம். இதில் புதிதாக யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. திருவாரூர் சாலையில் ஒரு ரைஸ் மில் ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. வந்த தரகர்கள் எல்லாரும் அதை மில்லாகவே காட்டினார்கள். மில் நடத்த ஆள் இல்லை. நான் போனபோது என் கண்ணில் பட்டது நெல் காயவைக்கும் களம். அரை ஏக்கர் சிமெண்ட் தரை, லாரி திரும்பும் அளவுக்கு வாசல்.

தை, மாசியில் சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டத்திலிருந்து அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. ராத்திரி அவற்றை நிறுத்தவும் பழுது பார்க்கவும் இடம் கிடைக்காமல் சாலையோரம் நிற்கும். இன்னொரு பக்கம், பந்தல்காரர் ஒருவர் நாற்காலி, தகரம், துணி எல்லாம் வைக்கக் குடோன் தேடிக்கொண்டிருந்தார். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவர் சாமான் மொத்தமும் வீடு திரும்பும்; துணியை அலசிக் காயப்போடக் களம் வேண்டும். தை பிறந்தால் சாமான் வெளியே போய்விடும். அதே தையில்தான் இயந்திரங்கள் வருகின்றன! மில் கொட்டகை வருடம் முழுக்கப் பந்தல்காரருக்கு, களம் தை, மாசியில் மட்டும் இயந்திரக்காரர்களுக்கு என்று பேசி முடித்தேன். இடம் யாருக்கு, எந்த மாதத்தில் உதவும் என்று பஞ்சாங்கத்தையும் சாகுபடியையும் சேர்த்து யோசித்ததுதான் இதில் என் வேலை.

மயிலாடுதுறையிலிருந்து: உரக்கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் கடன் வியாபாரம், வாடகை கொடுக்கவே திணறுகிறேன். உரிமையாளர் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்கிறார். வழி உண்டா ஐயா?

குறைக்கச் சொல்லாதீர்கள். வருட வாடகை மொத்தம் அப்படியே இருக்கட்டும், கட்டும் மாதத்தை மாற்றிக் கேளுங்கள். நெல் விற்ற பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில் கூடுதல், கடன் ஓடும் மாதங்களில் பாதி. மொத்தத் தொகையை முதல் வரியில் எழுதிக் காட்டினால் உரிமையாளருக்குப் பயம் போய்விடும். வாய்ப்பேச்சாக விடாதீர்கள், 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்.

தாராசுரத்திலிருந்து: ஐராவதேசுவரர் கோயிலுக்கு மிக அருகே மனை இருக்கிறது. லாட்ஜ் கட்டலாம் என்கிறார் ஒரு தரகர்.

தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் அது. எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். முதலில் தூரத்தை அளந்து பாருங்கள். இந்த எல்லைகளுக்குள் இருந்தால் பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் அனுமதி தேவை. வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கும்பகோணத்திலிருந்து: 2028 மகாமகத்தை நம்பிக் கடை எடுக்கலாமா?

சாதாரண செவ்வாய்க்கிழமை வியாபாரம் வாடகையைத் தாங்குமா பாருங்கள். தாங்கினால் எடுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: தொழிலுக்குப் புதுசு சார். கட்டடம் தனியார், மனை கோயிலுடையது. பார்ட்டியிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது?

பக்குவம் எதற்கு? முதல் சந்திப்பிலேயே நேராகச் சொல்லுங்கள். டெல்டாவில் கோயில் மனை, மடத்து மனை இல்லாத கடைத்தெரு அரிது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் யோசனையை எல்லாம் இடத்தின் பயன்பாட்டில் காட்டுங்கள், பத்திரத்தில் காட்டக் கூடாது. நான் இப்படிப்பட்ட கடைக்குப் போனால், மனை வாடகை பாக்கி இல்லை என்பதற்கான ரசீதைப் பார்த்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கச் சொல்வேன்.