பழைய மேக்புக்கை ஒதுக்கிவிட வேண்டுமா?

கேள்வி: 2017ஆம் ஆண்டு மேக்புக் ஏர் மடிக்கணினியில் பாமினி எழுத்துருவில் வினாத்தாள்களைத் தயாரிப்பதோடு வங்கி அலுவல்களையும் பார்த்து வருகிறேன். மொன்டரேக்குப் பிந்திய இயங்குதளம் அதற்கு வராது என்றும், இனி அதைப் பாவிப்பது ஆபத்து என்றும் மட்டக்களப்பில் கணினி திருத்துபவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: அவர் சொன்னது உண்மைதான். எனினும் அதற்காக உங்கள் கணினியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

2021 ஒக்டோபரில் வெளிவந்த மொன்டரேக்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2024ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடியும் என்று மைக்ரோசொப்ட் முன்கூட்டியே அறிவித்தது. ஆப்பிளோ அவ்வாறு நாள் குறிப்பதில்லை. புதிய பதிப்பையும் அதற்கு முந்திய இரண்டையும் கவனித்துக்கொண்டு, அவற்றுக்கு முந்தியதை அறிவிப்பின்றிக் கைவிடுவதே அதன் வழக்கம். இது பாவனையாளருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்; ஏனெனில் இற்றைப்படுத்த எதுவும் இல்லை என்று திரை காட்டும்போது, எல்லாம் சரியாக இருப்பதாகவே எவரும் நம்புவர்.

ஆபத்து எங்கே இருக்கிறதென்றால், புதிய பதிப்பில் ஒரு குறையைத் திருத்தும்போது ஆப்பிள் அதன் விபரத்தையும் வெளியிடுகிறது. அதே குறை பழைய பதிப்பிலும் இருந்தால், திருடனுக்குத் திறந்த கதவு எதுவென்று தெரிந்துவிடுகிறது. ஆகவே வங்கி அலுவல்களை, இன்னும் இற்றைப்படுத்தல் கிடைக்கும் கைத்தொலைபேசிக்கு இன்றே மாற்றிவிடுங்கள்.

மடிக்கணினியில் மொன்டரேக்குப் பதிலாக, இன்னும் இற்றைப்படுத்தல் கிடைக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை நிறுவலாம். கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் முதலில் வெளிவன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு, லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். இந்த மேக்புக்கில் வைஃபை உடனே இயங்காமல் போகலாம். அப்போது கைத்தொலைபேசியை யுஎஸ்பி வயரால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். வேர்ட் கோப்புகள் லிபரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்கும். பக்க அமைப்பு சற்று விலகினால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பாவித்த மேக் ஒன்றை வாங்க எண்ணினால், விலை மலிவென்று இன்டெல் சிப் கொண்டதை எடுத்துவிடாதீர்கள். 2025இல் வந்த டஹோவே இன்டெல் மேக்குகளுக்கான கடைசி இயங்குதளம் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. 2020 நவம்பரில் வெளிவந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 அல்லது அதற்குப் பிந்திய சிப் கொண்டதையே கேட்டு வாங்குங்கள்.