கோலாவை நிறுத்தினால் பரு போகுமா?

தம்பி, 19 வயது, கன்னத்திலும் தாடையிலும் சீழ்ப்பரு, கல்லூரி விட்டதும் தினமும் 600 மிலி கோலா, அதை நிறுத்தினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது.

பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள், 100 மிலிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அப்படியானால் ஒரு பாட்டிலிலேயே 60 கிராம் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பே சுமார் 50 கிராம்தான். திரவமாகக் குடிப்பதால் சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் ஏறும், இன்சுலின் எகிறும், கூடவே ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் வேலையும் கூடும். இரண்டும் சேர்ந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடும். துவாரம் அடைபட்டு பரு கிளம்புவது அப்புறம்தான். 2007-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்ட இளைஞர்களுக்குப் பரு கணிசமாகக் குறைந்தது. அதனால் ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள், மூன்று மாதமாவது கொடுங்கள்.

கோலாவுக்குப் பதில் பாக்கெட் மாம்பழ ஜூஸ், ரோஸ்மில்க் என்று மாறிவிட வேண்டாம், அதிலும் சர்க்கரைதான். உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் குடியுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மெடிக்கலில் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தொடாதீர்கள், பருவை இன்னும் மோசமாக்கிவிடும். சீழ்ப்பரு தழும்பாகும் என்பதால், தோல் மருத்துவரை இப்போதே பார்த்து, பருவுக்குப் பூசும் அடாபலீன் என்ற மருந்து சரிவருமா என்று கேளுங்கள்.