ஃப்ளோரிடா வீட்டுக்கு விண்ட் மிட்டிகேஷன்: நீங்க கேட்டதுக்கு பதில்

கேள்வி (டாம்பா): அண்ணா, வீடு 1998ல கட்டினது. இந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு காசு போடுறது வேஸ்டா?

பதில்: போடுங்க தம்பி. விண்ட் மிட்டிகேஷன்னா, புயல் காத்த வீடு எவ்வளவு தாங்கும்னு சோதிச்சு எழுதுற ரிப்போர்ட், அத வச்சு வீட்டு இன்சூரன்ஸ்ல தள்ளுபடி கிடைக்கும். இதுவரைக்கும் எந்த டிஸ்கவுண்டும் வாங்கலேன்னா இழக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. தள்ளுபடி குடுக்கணும்னு ஸ்டேட் சட்டமே இருக்கு. ஆனா அது பிரீமியத்துல காத்துக்குன்னு இருக்கிற பங்குல மட்டும்தான் குறையும், மொத்த பில்லும் பாதியாயிடும்னு கனவு காணாதீங்க. ரிப்போர்ட் 5 வருஷம் செல்லும்.

கேள்வி (ஓர்லாண்டோ): எங்க அட்டிக்ல (கூரைக்கு கீழ இருக்கிற இடம்) கூரைய சுவரோட கட்டுற மெட்டல் ஸ்ட்ராப் இருக்கு, ஆனா இன்ஸ்பெக்டர் "டோ நெயில்"னு எழுதிட்டார். ஏன்?

பதில்: நிறைய பேர் மாட்டுற இடமே இதுதான். டோ நெயில்னா ஸ்ட்ராப் இல்லாம ஆணிய சாய்வா அடிச்சது மட்டும், அதுதான் ரொம்ப வீக். கூரையும் சுவரும் சேர்ற இடத்துல ஸ்ட்ராப் இருந்தா மட்டும் போதாது, குறைஞ்சது 3 ஆணி அடிச்சிருக்கணும், மரத்தோட ஒட்டி இருக்கணும், துரு தின்னிருக்கக் கூடாது. பழைய வீடுங்கள்ல 2 ஆணியோட விட்டிருப்பாங்க, அதனால ஸ்ட்ராப் இருந்தும் கணக்குல வராது. டார்ச் எடுத்துட்டு ஏறி ஓரமா பாருங்க, அதுதான் பிரச்சனைன்னா ஒரு கான்ட்ராக்டர வச்சு விட்டுப்போன ஆணிய எல்லா ட்ரஸ்லயும் (கூரைய தாங்குற மரச்சட்டம்) அடிச்சு திரும்ப போட்டோ எடுக்க வைங்க. நாலு இடத்துல மட்டும் அடிச்சா பிரயோஜனமில்ல, எது வீக்கோ அதத்தான் எழுதுவாங்க.

கேள்வி: ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் புயல் ஷட்டர் இல்ல, பரவாயில்லையா?

பதில்: இல்லீங்க. ஒண்ணு விட்டாலும் ஜன்னல் பாதுகாப்புக்கான டிஸ்கவுண்ட் போச்சு.

கேள்வி (ஜாக்சன்வில்): ஷிங்கிள் (ஓடு மாதிரி அடுக்குற தார் ஷீட்) கூரைக்கு 16 வயசு, இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசிய ரெனியூ பண்ண மாட்டேங்குது. விண்ட் மிட்டிகேஷன் குடுத்தா ஒத்துப்பாங்களா?

பதில்: அது வேற, இது வேற அக்கா. உங்களுக்கு வேண்டியது ரூஃப் சர்டிஃபிகேஷன், அதாவது கூரை இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு சொல்ற ரிப்போர்ட். 2022ல வந்த சட்டப்படி 15 வருஷம் தாண்டின கூரைனா, இன்ஸ்பெக்‌ஷன் பண்ண உங்களுக்கு வாய்ப்பு குடுக்கணும், இன்னும் 5 வருஷமாவது தாங்கும்னு அதுல வந்தா வயச மட்டும் காட்டி தட்டிக்கழிக்க முடியாது. ஒழுகுது, ஷிங்கிள் பறந்துருக்குன்னா அது அவங்களுக்கு வேற காரணம், பாத்துக்கோங்க.

கேள்வி: புது கூரை போடப்போறோம், எதாவது கவனிக்கணுமா?

பதில்: ப்ளைவுட் மேல பீல் அண்ட் ஸ்டிக் ஷீட் ஒட்டச் சொல்லுங்க, ஷிங்கிள் பிச்சிக்கிட்டு போனாலும் தண்ணி உள்ள இறங்காது, அதுக்கும் தனி டிஸ்கவுண்ட் உண்டு. ஷிங்கிள் மூடினதுக்கப்புறம் எவனாலயும் பாக்க முடியாது, அதனால ஒட்டும்போதே போட்டோ எடுத்து பெர்மிட் பேப்பரோட வச்சிருங்க.